டி.எம்.ஓ.வுக்குப் பதின்மூன்று எழுத்து

சங்கராபுரம்,
12-10-1987

ஜீவாவுக்கு விஜயலட்சுமி எழுதுவது.

சுகமா என்று கேட்டுத் தொடங்கும் நிலையில் நான் இல்லை. என் தம்பி இளஞ்செழியனைப் போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டது. மறியல் வாரத்தில், பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை காலை, தியாகதுருகம் ரோட்டில் ஒரு பஸ் எரிந்ததே, அதைக் கொளுத்தியவர்களில் இவனும் ஒருத்தனாம். இப்போது கடலூர் ஜெயிலில் கிடக்கிறான்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுக்கு வந்தவர்கள் ஆயிரம் பேர். இவனும் போனான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸைக் கொளுத்துகிறவனா அவன்? அடுப்புப் பற்றவைக்கச் சொன்னால் நாலு குச்சி வீணாக்குகிற ஆள்.

போலீஸ் கையில் சிக்கியது என்ன தெரியுமா? உங்கள் இரண்டு பேருடைய அந்தப் பாழாய்ப்போன நோட்டு. பக்கம் பக்கமாக பஸ் நம்பர். ஒவ்வொன்றுக்கும் நேரே நீளமாக ஓர் இங்கிலீஷ் வார்த்தை. சிலதுக்குப் பக்கத்தில் 'முடிந்தது', சிலதுக்குப் பக்கத்தில் 'பாக்கி'. எரிந்த பஸ் டி.எம்.ஓ. வண்டி. அதற்கு நேரே EXTERMINATION என்று எழுதி, 13 என்று போட்டு, 'முடிந்தது' என்றும் எழுதியிருக்கிறது. இன்ஸ்பெக்டர் டிக்ஷனரியைப் புரட்டி எங்கள் அப்பாவுக்கு அர்த்தம் சொன்னார்: "பூண்டோட அழிக்கிறதுன்னு அர்த்தம்யா. உம்புள்ள லிஸ்ட்டு போட்டு வேல செஞ்சிக்கிறான்." பதின்மூன்று என்பது கொளுத்தப்போன ஆட்களின் எண்ணிக்கையாம். 'பாக்கி' எல்லாம் இனிமேல் எரிக்கவேண்டிய பஸ்களாம்.

அது விளையாட்டு என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். என்ன விளையாட்டு என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்று பைத்தியம் மாதிரி எழுத்தெண்ணிக்கொண்டிருந்தபோது சிரித்ததோடு சரி, ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை.

நம் வக்கீல் பொன்னுரங்கம் சொல்கிறார்: "அந்தப் பையன் வந்து இது எங்க வெளையாட்டுங்க, இது எங்கையெழுத்துங்கன்னு சொல்லட்டும். அவன் காலனி ஆளு. அவனுக்கும் இந்த மறியலுக்கும் இன்னா சம்பந்தம்? அவன் சொன்னா நம்புவாங்க." நீ ஒரு நாள் மலையைவிட்டு இறங்கி வந்தால் போதும், ஜாமீன் கிடைத்துவிடும்.

உன் அம்மா தவறிப்போனதைக் கேள்விப்பட்டோம். பாம்புக்கடிக்கு யார் என்ன செய்ய முடியும்? ஊர் இருந்த நிலைமையில் வந்து எட்டிப்பார்க்க முடியவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே.

உடனே பதில் போடு.

விஜயலட்சுமி


வெள்ளிமலை,
19-10-1987

விஜயலட்சுமி அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. விளையாட்டை விளக்கமாக எழுதுகிறேன். இந்தக் காகிதத்தையே வக்கீலிடம் கொடுத்துவிடலாம்.

கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்போம். பாங்க் பரீட்சைக்கு இங்கிலீஷ் வேண்டும், இரண்டு பேருக்கும் அது வராது. பஸ் நம்பரில் முதலில் மூன்று எழுத்து இருக்கிறதல்லவா, அந்த மூன்றும் அதே வரிசையில் வருகிற வார்த்தையாகக் கண்டுபிடிக்க வேண்டும். நடுவே எத்தனை எழுத்து வேண்டுமானாலும் நுழையலாம். யாருடைய வார்த்தை நீளமோ அவனுக்கு ஜெயம். T M N என்று ஒரு வண்டி வந்தால் உங்கள் தம்பி TREATMENT என்பார், ஒன்பது எழுத்து. நான் ENTERTAINMENT என்பேன், பதின்மூன்று.

நோட்டில் இருக்கிற எண்ணெல்லாம் எழுத்துக் கணக்கு. ஆள் கணக்கு இல்லை. இதற்குமேல் நீளமான வார்த்தை கிடையாது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் 'முடிந்தது' என்று எழுதுவோம். இன்னும் தேடவேண்டும் என்றால் 'பாக்கி'. அந்த இரண்டு சொல்லும் என் கையெழுத்து.

நான் இங்கே கூட்டுறவு சங்கக் கிடங்கில் கடுக்காய் எடைபோடும் வேலைக்கு வந்தபிறகு கார்டில் ஆடினோம். மலைக்கு வருகிற வண்டிகளின் எழுத்தை நான் எழுதி அனுப்புவேன். அவர் ஒரு வார்த்தை எழுதுவார். அதைவிட நீளமாக நான் தேடுவேன்.

நான் வருவதற்கில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை காலையில் தான் எங்கே இருந்தேன் என்று அவர் வாயைத் திறந்து சொன்னால் போதும். இந்த நோட்டும் வேண்டாம், நானும் வேண்டாம். அவரையே கேளுங்கள்.

ஜீவா


சங்கராபுரம்,
27-10-1987

ஜீவா,

'அவர்' என்கிறாய். 'உங்கள் தம்பி' என்கிறாய். என்றைக்கிருந்து அவன் உனக்கு அவர் ஆனான்? வாடா போடா என்று ஒரே சைக்கிளில் போன ஆட்கள்தானே நீங்கள்?

உன் காகிதத்தை வக்கீல் படித்தார். அரசாங்க வக்கீலும் படித்துவிட்டுச் சிரித்தாராம். "கடலக் கொல்லையில பொறந்தவனுங்க பஸ் நம்பருக்கு இங்கிலீஷு வார்த்த தேடுனானுங்களா? ஏன்யா, காது குத்த வேற ஆள் கெடைக்கலியா?" என்றாராம். ஆள் வந்து நின்றால்தான் நம்புவார்கள், காகிதத்தை நம்ப மாட்டார்கள். ஜாமீன் இல்லை என்று ஆகிவிட்டது. என் அம்மா நாலு நாளாகச் சோற்றைத் தொடவில்லை.

நீ சொன்னபடி கடலூருக்குப் போய்க் கேட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவே நாற்பது பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் எங்கேடா இருந்தாய் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அத மட்டும் கேக்காதக்கா, உனுக்குப் புண்ணியமா போவும்" என்றான். நான் வந்த பஸ் நம்பர் என்ன என்று மட்டும் கேட்டான். அடப்பாவி, இப்போதுமா என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லாமல் மலைமேல் உட்கார்ந்திருக்கிறாய். நீங்கள் இரண்டு பேரும் ஒரே பரீட்சைதானே எழுதினீர்கள்? உன்னைவிட நாலு மார்க் ஜாஸ்தி வாங்கியவன் வீட்டில் உட்கார்ந்தான், உனக்கு வேலை வந்தது. அந்த வயிற்றெரிச்சலில்தான் அவன் ரோட்டுக்கே போனான். எங்கள் கொல்லையில் வேலை செய்துதான் உன் அப்பா உன்னைப் படிக்கவைத்தார் என்பதையும் மறந்துவிடாதே.

நேற்று உங்கள் டிக்ஷனரியை எடுத்துவைத்து நானே உட்கார்ந்து பார்த்தேன். T M O. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டதில் TOMORROW கிடைத்தது. எட்டு எழுத்து. கிடைத்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, வெட்கக்கேடு. அவன் எங்கே இருந்தான், சொல்லித் தொலை.

விஜயலட்சுமி


வெள்ளிமலை,
3-11-1987

விஜயலட்சுமிக்கு,

நாலு மார்க்குக்கு என்னிடம் பதில் உண்டு. ஆனால் இந்தக் கடிதம் அதற்கில்லை. கேட்டதால் எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது என் அம்மா கொளஞ்சியம்மாளைக் கட்டுவிரியன் கடித்தது. என் அப்பா பச்சமுத்துவும் சித்தப்பா முனியனும் இன்னும் இரண்டு பேரும் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஏரிக்கரை வளைவில் புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டிருந்தது. முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். யாரையும் விடக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு.

அந்தக் கூட்டத்தில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே நல்ல முகம் செழியன். யாருக்கும் தெரியாமல் எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மா கையால் களி வாங்கித் தின்றவன். அப்பா கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். "செழியா, வழி வுடச் சொல்லுப்பா. வாயில நொர தள்ளுது." அதற்கு அவன், "செத்த இருங்க, பெரியவங்கள கேட்டுக்கினு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போனான். திரும்பி வரவில்லை. எங்கும் ஓடிவிடவும் இல்லை. நாலு ஆளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முக்கால் மணி நேரம். அவன் சட்டை கிளைக்கு நடுவே தெரிந்துகொண்டே இருந்தது என்று அப்பா சொன்னார். அப்புறம் கட்டிலைத் திருப்பி ஏரிக்குள் இறங்கிச் சுற்றிப் போனார்கள். ஓடையைத் தாண்டுவதற்குள் அம்மாவுக்கு மூச்சு நின்றுவிட்டது.

பஸ் எரிந்தது காலை எட்டு மணிக்கு, கள்ளக்குறிச்சிக்கு அந்தப் பக்கம். அதே எட்டு மணிக்கு உங்கள் தம்பி என் அப்பா கண் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் பஸ்ஸை எரிக்கவில்லை என்று சொல்லக்கூடிய ஆள் என் அப்பாதான்.

இன்னொன்றும் இருக்கிறது. மறியலால் ஒரு வாரம் மலைக்குப் பஸ் இல்லை, தபால் இல்லை. இருபத்தாறாம் தேதி வந்த பையில் அவன் இருபத்தொன்றாம் தேதி எழுதிய கார்டு இருந்தது. 'T D N. TRADITION, ஒன்பது. உன் முறை.' அவ்வளவுதான். வேறு ஒரு வரி இல்லை. நான் கடுக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து யோசித்து NOTWITHSTANDING என்று பிடித்தேன். பதினைந்து. தொலைந்தான் மவன் என்று சிரித்துக்கொண்டே பதில் எழுதினேன். எழுதி முடிக்கும்போது அதே பஸ்ஸில் வந்திறங்கிய முனியன் சித்தப்பா கிடங்கை விசாரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அம்மாவைப் புதைத்து ஏழு நாள் ஆகியிருந்தது.

ஜீவா


சங்கராபுரம்,
14-11-1987

ஜீவாவுக்கு,

இத்தனை நாள் உங்களை 'நீ' என்று எழுதிக்கொண்டிருந்தேன். இனி எழுத மாட்டேன். பாம்புக்கடிக்கு யார் என்ன செய்ய முடியும் என்று எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலனிக்குப் போனேன். இருபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். உங்கள் அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். உட்காருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் உட்காரவில்லை. கடைசியில் நானும் நின்றுகொண்டேதான் பேசினேன். கோர்ட்டுக்கு வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று தெரிந்தேதான் கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சொல்றேம்மா. உந்தம்பி பஸ்ஸு எரிக்கல, அது நெசம். எம் பொண்டாட்டிய வுடாம நின்னுக்கினு இருந்தான், அதுவும் நெசம். ரெண்டையும் சேத்துதான் சொல்லுவேன். ஒண்ண மட்டும் சொல்லச் சொல்லாத." நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் எங்கள் அப்பா சின்னராசு குதித்தார். "பஸ்ஸு எரிச்சான்னா ஊரு அவனத் தலமேல வச்சிக்கினு ஆடும். பொம்பளையச் சாகவுட்டான்னு கோர்ட்டுல ஏறுச்சுன்னா எவன் மூஞ்சில முழிக்கிறது? அங்க நின்ன அத்தன பேரு பேரும் வருமே, இன்னாத்துக்குடி இந்த வேல உனுக்கு?" என்றார். உன் மானத்துக்கு என் தம்பி ஜெயிலில் கிடக்கணுமா என்று நானும் விடவில்லை. அவர் என்னோடு பேசி எட்டு நாளாகிறது.

பிப்ரவரியில் வழக்கு. நீங்கள் உங்கள் அப்பாவோடு வரவேண்டும், அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். என் தம்பி வெளியே வந்தால் உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறேன். நின்று அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை.

விஜயலட்சுமி


வெள்ளிமலை,
22-11-1987

அக்காவுக்கு,

அப்பா சொல்வதென்று முடிவெடுத்துவிட்டார், நான் குறுக்கே நிற்க மாட்டேன். சொன்னபிறகு அவருக்கு ஊரில் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டேன். "குடுக்காட்டிப் போறான், மலைக்கு வந்து உங்கூட கடுக்கா பொறுக்குறேன்" என்று சொல்லிவிட்டார்.

செழியனுக்காக நான் வரவில்லை. அம்மாவைக் கடித்த பாம்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், மரத்தைப் பற்றி எங்கும் எழுதவில்லை. ஒரு தடவையாவது ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அதற்காக வருகிறேன்.

உங்களிடம் சொல்லாமல் மறைத்த ஒன்று. டி.எம்.ஓ.வுக்கு INTERCOMMUNICATION உண்டு. பதினெட்டு. போன ஜூலையிலேயே எனக்குத் தட்டுப்பட்டது. அப்போது நோட்டு அவனிடம் இருந்தது, நான்தான் 'முடிந்தது' என்று எழுதியிருந்தேன், முடிந்ததைத் திரும்பக் கிளறக்கூடாது என்பது எங்கள் சட்டம். தப்பை ஒத்துக்கொள்ள ரோஷமாக இருந்தது, கார்டு போடாமல் விட்டுவிட்டேன். போட்டிருந்தால் அவன் அந்தப் பழைய வார்த்தையை அடித்திருப்பான். அரசாங்க வக்கீல் இதற்கும் சிரிப்பார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேதி தெரிந்ததும் எழுதுங்கள்.

ஜீவா


சங்கராபுரம்,
20-2-1988

ஜீவாவுக்கு,

பதினேழாம் தேதி கோர்ட் வராந்தாவில் நீங்களும் உங்கள் அப்பாவும் இருந்ததைப் பார்த்தேன். வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே நடந்தபிறகு வெளியே வந்து உங்களிடம் பேச எனக்கு முகமில்லை. பின்பக்கமாகப் போய்விட்டேன். உள்ளே நடந்ததைச் சொல்லவேண்டியது என் கடமை.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். வக்கீல் பொன்னுரங்கம் எழுந்து நின்று "இல்லீங்க" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் செழியன், "நாந்தாங்க எரிச்சேன்" என்றான். வக்கீல் அவனைத் தடுத்தார். நிதானமா யோசிச்சு சொல்லு என்று மேலிருந்து ஜட்ஜும் சொன்னார். மறுபடியும் அதையேதான் சொன்னான். நோட்டு மேஜைமேல் கிடந்தது. அதை யாரும் பிரிக்கக்கூட இல்லை. ஐந்து வருஷம் என்று எழுதிவிட்டார்கள். எல்லாம் கால் மணி நேரத்தில் ஆகிவிட்டது.

இரண்டு நாள் முன்னால் எங்கள் அப்பா கடலூருக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவர்தான் கெடுத்தார் என்று முதலில் நினைத்தேன். அவரைப் போய் வாய்க்கு வந்தபடி பேசியும்விட்டேன். ஆனால் வேனில் ஏற்றுமுன் செழியன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அப்பா சொன்னாருன்னு இல்லக்கா. பச்சமுத்து ஏறி நின்னு சொல்றத நா நின்னு கேக்கணும். அது என்னால ஆவாது. அதுக்கு இந்த அஞ்சு வருசம் கம்மிதான்கா."

எனக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது, கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. முக்கால் மணி நேரம் நாலு ஆளுக்குப் பின்னால் நின்றவன் இப்போது ஐந்து வருஷத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஊரில் அவனைத் தியாகி என்கிறார்கள். நேற்று மறியல் நடத்திய சங்கத்துக்காரர்கள் வந்து அப்பாவுக்குச் சால்வை போட்டுவிட்டுப் போனார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வரவில்லை, கேட்டால் கொடுக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு வந்துவிடும். அன்று உங்கள் அப்பா என்ன சொன்னார் என்று மட்டும் தெரிந்தால் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

விஜயலட்சுமி


வெள்ளிமலை,
1-3-1988

அக்காவுக்கு,

அன்று காலை ஒன்பதரைக்கே போய்விட்டோம். பதினொன்றேகாலுக்கு டவாலிச் சேவகர் வெளியே வந்து, "அவுரே ஒத்துக்கினாருய்யா, சாச்சி ஒண்ணும் வேணாம், எழுந்து போங்க" என்று சொன்னார். அப்பாவுக்குப் புரியவில்லை. நம்ம பேரைக் கூப்பிடுவாங்க இருடா என்று அங்கேயே உட்கார்ந்திருந்தார். மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தோம். பேர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து எழுந்து நின்றார். பழனி என்று கூப்பிட்டார்கள், செவ்வந்தி என்று கூப்பிட்டார்கள், எல்லாம் வேறு வழக்கு.

ஒரு வழியாகப் புரியவைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. மூன்று மாதமாக அவர் தனியாகக் கொல்லையில் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று முனியன் சித்தப்பா சொல்லியிருந்தார். என்ன சொல்லிப் பார்த்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெஞ்சிலிருந்து எழுந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். என் எதிரே நின்று கையைக் கட்டிக்கொண்டு, "எம் பேரு பச்சமுத்துங்க. எம் பொஞ்சாதி பேரு கொளஞ்சியம்மாங்க" என்று தொடங்கினார். என்னப்பா இது, உட்காருங்க என்றேன். காதில் வாங்கவில்லை. கடித்த நேரம், கட்டில் யாருடையது, யார் எந்தக் கால் பிடித்தார்கள், மரத்தின் எந்தப் பக்கம் யார் நின்றார்கள், அம்மா எத்தனை தடவை தண்ணீர் கேட்டாள், எல்லாம் சொன்னார். யார்மேலும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. செழியன் பஸ்ஸை எரிக்கவில்லை என்பதையும் சொன்னார். பஸ் வந்தது, போனது. ஜனங்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன்.

ஓடைவரைக்கும் சொல்லி நிறுத்தினார். பிறகு குனிந்து கும்பிட்டு, பெற்ற பிள்ளையைப் பார்த்து, "அவ்ளோதாங்கய்யா" என்றார்.

ஜீவா